கை நோல்ஸ் (1879–1959): கட்டுரையை எதிலிருந்து தொடங்குவது?

#1 வெண்பனி

தமிழ் விக்கிக்காக கை ஜான் ஃபென்டன் நோல்ஸ் பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. இங்கிலாந்துக்காரர், பொறியாளர், மலையேறி, கலைப்பொருள் சேகரித்தவர், வசதியான குடும்பம். ஆங்கிலத்தில் இவரைப் பற்றி எங்கே பார்த்தாலும் ஒரே செய்தி: 1902-ல் உலகின் இரண்டாவது உயரமான கே2 மலையில், கவிஞரும் மாந்திரீகருமான அலெய்ஸ்டர் குரோலி துப்பாக்கியை நீட்டினார், நோல்ஸ் அதைப் பிடுங்கினார். எண்பது ஆண்டு வாழ்ந்த மனிதருக்கு அது மட்டும்தானா? மலை, மோட்டார் வண்டி, கலை மூன்றையும் ஒரு கோட்டில் கொண்டுவர வழி உண்டா?

(பெயர் 'கை' என்று வருகிறது. வாசகர் கரத்தை நினைத்துக்கொள்வார். எனவே கட்டுரை முழுக்க 'நோல்ஸ்' என்றே போடலாம் என்று எண்ணம்.)

#2 மலைச்சுவடு

துப்பாக்கியை முதல் பத்தியில் வைக்காதீர்கள், அவ்வளவுதான் வேண்டுகோள். வைத்தால் அது குரோலியின் கட்டுரை ஆகிவிடும்.

1902 பயணத்தின் சட்டகம் இது. ஆறு பேர். தலைவர் ஆஸ்கர் எக்கென்ஸ்டைன், ரயில்வே பொறியாளர், 1859-ல் பிறந்தவர். குரோலி. சுவிஸ் மருத்துவர் ஜூல் ஜாக்கோ-கில்லார்மோ. ஆஸ்திரியர்கள் ஹைன்ரிஷ் ஃபான்ல், விக்டர் வெசலி. ஆறாமவர் நோல்ஸ், குழுவிலேயே இளையவர், இருபத்திரண்டு வயதுக்காரர். காஷ்மீருக்குள் நுழையும் முன்பே அரசு அதிகாரிகள் எக்கென்ஸ்டைனைத் தடுத்து நிறுத்தினார்கள். மூன்று வாரம் போல அவர் பின்தங்கினார். காரணத்தை அதிகாரபூர்வமாகச் சொல்லவே இல்லை. பத்து ஆண்டு முன்னால், 1892 காரகோரம் பயணத்தில் அவரோடு ஒத்துப்போகாத மார்ட்டின் கான்வேயின் வேலை இது என்று குழுவினர் சந்தேகப்பட்டார்கள்.

அவர்கள் பனியாற்றில் இருந்தது 68 நாள். அதில் தெளிவான வானிலை 8 நாள். ஜூலை 10 அன்று ஜாக்கோ-கில்லார்மோவும் வெசலியும் வடகிழக்கு முகட்டில் சுமார் 6,500 மீட்டர் வரை போனார்கள். பயணத்தின் உச்சம் அதுதான். கே2-வின் உயரம் 8,611.

#3 பல்சக்கரம்

அண்ணா, 'பணம் போட்டவர்' என்ற ஒற்றை வரியில் நோல்ஸை முடித்துவிடுகிறார்களே, அது சரியா?

#4 மலைச்சுவடு

பாதி சரி. செலவில் பெரும்பங்கு அவருடையது என்றுதான் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பணம் எதற்குப் போனது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. மலையேற்றச் செலவில் கயிறும் பனிக்கோடரியும் சில்லறை. பெரும் செலவு மாவும் அதைச் சுமக்கும் மனிதரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். 1902-ன் உண்மை எண்கள் அல்ல, கணக்கின் இயல்பு புரிவதற்காக மட்டும். அஸ்கோலிதான் கடைசி ஊர். அங்கிருந்து மலையடி முகாமுக்கு மேலேற 10 நாள், வெறுங்கையோடு இறங்க 5 நாள் என்று வையுங்கள். ஒருவர் சுமை 25 கிலோ. ஆளுக்கு நாளுக்கு 1 கிலோ உணவு. 15 கிலோவை அவரே சாப்பிட்டுவிடுகிறார். மேலே போய்ச் சேர்வது 10 கிலோ. நூறு பேர் புறப்பட்டால் 1,000 கிலோ.

இப்போது ஒரு மாற்றம். ஐந்தாம் நாள் எல்லார் சுமையும் 20 கிலோவாகக் குறைந்திருக்கும். சுமைகளை மறுபடி 25 கிலோவாகக் கட்டி, மிஞ்சும் 22 பேரைத் திருப்பி அனுப்பினால் (வழிக்கு இரண்டரை கிலோ கொடுத்து), மீதி 78 பேர் கொண்டுசேர்ப்பது சுமார் 1,165 கிலோ. அதே ஆட்கள், அதே மாவு, 165 கிலோ கூடுதல். ஆறு பேர் 68 நாள் மேலே இருக்க, ஆளுக்கு ஒரு கிலோ வீதம் 408 கிலோ உணவு வேண்டும். அப்படியென்றால் அந்த 165 கிலோ எத்தனை பெரிய விஷயம் பாருங்கள்.

இந்தக் கணக்கு உடையும் இடம் புயல். எண்பது பேர் இரண்டு நாள் கூடாரத்தில் முடங்கினால் 160 கிலோ போச்சு. மிச்சம் பிடித்தது அத்தனையும் காலி. விறகும் கிட்டத்தட்ட பையு என்ற இடத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பனியை உருக்கும் எரிபொருளையும் சுமந்தாக வேண்டும். 68 நாளில் 8 நாள்தான் நல்ல வானம் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து வாசியுங்கள். திறமையும் துணிச்சலும் பிறகு பேசவேண்டியவை.

#5 கூர்முனை

இவ்வளவு மாவுக்கு நடுவில் குரோலி தன் புத்தகங்களையும் ஏற்றிவந்தார் என்பதை விட்டுவிட்டீர்களே. கவிதை நூல்கள்! எக்கென்ஸ்டைன் விடச் சொன்னார், அவர் மறுத்தார். மேலே உள்ள கணக்குப்படி 10 கிலோ புத்தகம் மேலே சேர ஒரு முழு ஆள் வேண்டும்.

#6 வெண்பனி

:) இது கட்டுரைக்குள் போகிறது.

பாதைத் தேர்வு பற்றி? குரோலி சொன்ன தென்கிழக்குப் பக்கம்தான் பிற்பாடு வெற்றிப் பாதை ஆனது, எனவே அவர் சொன்னது சரி என்று ஒரு வாதம் உண்டு.

#7 மலைச்சுவடு

அதில் உண்மை இருக்கிறது. அந்தப் பக்கக் கிளைமுகட்டில்தான் 1909-ல் இத்தாலியின் அப்ரூசி கோமகன் முயன்றார். அவர் பெயர்தான் அதற்கு நிலைத்தது. 1954 ஜூலை 31 அன்று இத்தாலியர் கம்பாஞ்ஞோனியும் லாச்செடெல்லியும் உச்சி தொட்டதும் அதன் வழியேதான். வடகிழக்கு முகடோ நீளமானது. கத்தி விளிம்பு போன்ற பகுதிகள் உண்டு, பனிப்பிதுக்கம் இருபுறமும் தொங்கும். 1976-ல் போலந்துக் குழு அதில் ஏறத்தாழ 8,400 மீட்டர் வரை போயும் உச்சி கிட்டவில்லை. 1978-ல் அமெரிக்கர்கள் அதே முகட்டில் போய், மேல்பகுதியில் அப்ரூசிப் பக்கம் குறுக்காகக் கடந்துதான் உச்சியை அடைந்தார்கள்.

ஆனால் பாதை சரியாக இருந்திருந்தால் 1902-ல் ஏறியிருப்பார்கள் என்பது வேறு பேச்சு. இரண்டு மாதம் 5,500 மீட்டர் அளவிலும் அதற்கு மேலும் கிடந்த உடம்பு தேறாது, தேயும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதி. சில வாரம் வரை உடல் பழகுகிறது. அதன் பிறகு பசி குறையும், தூக்கம் கெடும், தசை கரையும். ஃபான்லுக்கு நுரையீரலில் நீர் கோத்தது. மருத்துவர் ஜாக்கோ-கில்லார்மோ கூடவே இருந்ததால் ஃபான்லைக் கீழே இறக்கினார்கள், பிழைத்தார். இதயக் கோளாறு இல்லாமலே உயரத்தால் நுரையீரலில் நீர் சேரும் என்று சார்லஸ் ஹூஸ்டன் 1960-ல் விளக்கி எழுதிய பிறகுதான் அது பரவலாகப் புரிந்தது. ஹூஸ்டனும் கே2-வுக்கு 1938, 1953 இரண்டு முறை குழு கூட்டிப் போனவர்தான்.

#8 பல்சக்கரம்

சரி, துப்பாக்கியைச் சொல்லி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் அதையே கேட்பார்கள்.

#9 மலைச்சுவடு

மேல் முகாமில் குரோலிக்கு மலேரியாக் காய்ச்சல், பிதற்றல். சுழல்துப்பாக்கியை எடுத்து நோல்ஸை நோக்கி நீட்டினார். நோல்ஸ் வயிற்றில் ஒரு குத்து விட்டுப் பிடுங்கிக்கொண்டார். இது நோல்ஸ் முதுமையில் சொன்ன செய்தி. குரோலி தன் நினைவுகளில் இதைச் சொல்வதில்லை. எனவே 'நோல்ஸின் கூற்றுப்படி' என்ற ஒட்டு இல்லாமல் எழுதக்கூடாது. இரண்டு வரி போதும்.

#10 கூர்முனை

நோல்ஸுக்கும் எக்கென்ஸ்டைனுக்கும் இருந்த நட்பில்தான் பொறியியல் மூளை தெரிகிறது என்பது என் கட்சி. மலைக்கருவியைப் பழக்கதோஷமாகப் பார்க்காமல் எந்திர உறுப்பாகப் பார்த்தவர் எக்கென்ஸ்டைன். முடிச்சுகளை அலசி 1909-ல் எழுதினார். அக்காலக் கோடரிகள் 120, 130 செ.மீ. இருந்தபோது 85 செ.மீ. அளவில் ஒற்றைக் கையால் வீசக்கூடியதைச் செய்துகொண்டார். 1908-ல் ஆஸ்திரிய மலையேற்ற இதழில் கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்சின் அடியில் கட்டும் இரும்பு முள்சட்டம்) உத்தி பற்றி எழுதினார். அதற்கடுத்த ஆண்டுகளில் இத்தாலியின் கூர்மயேர் ஊர்க் கொல்லர் ஹென்றி கிரிவெல் அந்த வடிவத்தை அடித்துக் கொடுத்தார்.

அந்த கிராம்பானில் பத்து முனை. எல்லாம் கீழ்நோக்கி. முன்னால் நீட்டும் முனை கிடையாது. அது 1929-ல் லோரான் கிரிவெல் சேர்த்தது. முன்முனை இல்லாததால் உத்தியே வேறு: சரிவு எவ்வளவு செங்குத்தானாலும் கணுக்காலை வளைத்து, பாதம் முழுவதும் பனிமேல் படியும்படி வைக்க வேண்டும். பத்தும் ஒரே நேரத்தில் இறங்கினால் எடை பத்தாகப் பிரியும். வழக்கமான தப்பு, பயத்தில் பாதத்தின் மலைப்பக்க விளிம்பை மட்டும் ஊன்றுவது. அப்போது மூன்று நான்கு முனைதான் பிடிக்கும், பனி உடைந்து சறுக்கும்.

கருவி கெடும் இடங்கள்:
நடுவில் கீல் இல்லாமல் ஒரே சட்டமாக அடித்தால், ஆணி அடித்த தோல் பூட்சு வளையும்போது சட்டம் வளைய மறுத்து முறியும். இரண்டு துண்டாகச் செய்து கீல் போட்டது இதற்குத்தான். வாரை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் பனிக்கடிக்கு ஆளாகும். தளர்த்தினால் குறுக்குச் சரிவில் கழன்று திரும்பும். வெயிலில் ஈரமான பனி முனைகளுக்கு இடையே உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். சில அடிக்கு ஒருமுறை கோடரிக் காம்பால் பக்கவாட்டில் தட்டாவிட்டால் முனை தரையைத் தொடாது. கூர் தீட்டுவது கைஅரத்தால் மட்டும். சாணைச்சக்கரத்தில் வைத்தால் முனை சூடேறி நீலம் பாயும், பதம் போய்விடும், அடுத்த பாறையில் மடங்கும்.

#11 வெண்பனி

1902-ல் இதே பத்துமுனை இருந்ததா? அப்படி எழுதலாமா?

#12 கூர்முனை

வேண்டாம். கட்டுரை வெளிவந்தது 1908. யோசனையும் சோதனையும் முன்னரே நடந்தவை. '1902-ல் கே2-வில் பத்துமுனை கிராம்பான்' என்று எழுதினால் ஆண்டைக் குழப்பியதாகும்.

#13 பல்சக்கரம்

என் பகுதிக்கு வருகிறேன். மலையிலிருந்து திரும்பிய நோல்ஸ், லூசியன் அல்போன்ஸ் லெக்ரோ என்ற பொறியாளரோடு சேர்ந்து 'லெக்ரோ & நோல்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். லண்டன் வில்ஸ்டன் பகுதியில் தொழிற்சாலை. வண்டியின் பெயர் ஐரிஸ், கிரேக்கத் தூது தெய்வத்தின் பெயர். விளம்பர வாசகம் 'இட் ரன்ஸ் இன் சைலன்ஸ்', 'ஓசையின்றி ஓடும்' என்று பொருள். நான்கு சொல்லின் முதலெழுத்தைச் சேர்த்தால் வண்டியின் பெயரே வரும். ரேடியேட்டர் சாய்சதுர வடிவம். தொலைவில் வரும்போதே இன்ன வண்டி என்று தெரியும்.

'ஓசையின்றி' என்பது 1906-ல் சும்மா சொல்லிவிடும் வார்த்தை அல்ல. அக்கால வண்டியில் சத்தம் எங்கிருந்தெல்லாம் வரும் என்று பாருங்கள். பற்கள் நேராக வெட்டிய கியர்கள்: ஒவ்வொரு பல்லும் முழு அகலத்தில் ஒரே கணத்தில் மோதும், பல்வெட்டில் சிறு பிழையும் ஊளையாக வெளிவரும். வெளியே திறந்து கிடக்கும் வால்வுத் தண்டுகள்: இடைவெளி கொஞ்சம் கூடினாலே டக்டக். பின்சக்கரத்துக்குச் சங்கிலி வைத்த வண்டிகளில் அதன் இரைச்சல் தனி. ஓசையைக் குறைக்க ரகசியம் ஏதும் இல்லை. பல்வெட்டின் துல்லியம், தாங்கிகளின் நேர்கோடு, எண்ணெய் சரியான இடத்துக்குப் போவது, இவ்வளவே. மூன்றும் செலவு வைப்பவை. வசதி உள்ள கூட்டாளி எதற்கு என்பதற்கு இங்கே பதில் இருக்கிறது.

#14 கூர்முனை

அக்கால கிளட்ச் பற்றியும் சொல்லுங்கள் பல்சக்கரம். எட்வர்டு மன்னர் காலத்து வண்டி ஓட்டியவர்களின் புலம்பலில் பாதி அதுதான்.

#15 பல்சக்கரம்

அதைக் கேட்டால் நிறுத்தமாட்டேன்.

அந்தத் தலைமுறை வண்டிகளில் பொதுவாக இருந்தது தோல் போர்த்திய கூம்புக் கிளட்ச். சுழல்சக்கரத்தின் உட்புறம் கூம்பாகக் கடைந்த குழி. அதற்குள் பொருந்தும் இன்னொரு கூம்பு. அதன் மேல் தோல் பட்டையைச் செப்பு ஆணிகளால் அறைந்திருப்பார்கள். ஸ்பிரிங் உள்ளே தள்ளும், மிதியை அழுத்தினால் விலகும்.

தோல் காய்ந்தால் 'கவ்வும்': மிதியை விட்ட கணத்தில் வண்டி குதிரை போலப் பாயும், கியர்ப்பல்லும் அச்சும் அடி வாங்கும். மருந்து விளக்கெண்ணெய், அல்லது மாட்டுக்குளம்பு எண்ணெய். மிதியை அழுத்தியபடி கட்டையால் முட்டுக்கொடுத்து, இரவு முழுவதும் ஊற விடவேண்டும். பெட்ரோலிய எண்ணெய் போடக்கூடாது, தோல் பசைபோலாகி வழுக்கும்.

எதிர்ப்பக்கம், எஞ்சின் எண்ணெய் கசிந்து தோலில் பட்டால் கிளட்ச் நழுவும். மேடு ஏறும்போது எஞ்சின் அலறும், வண்டி நகராது. வழியில் நின்றவர்கள் முல்தானி மட்டித் தூளைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டுப் புறப்படுவார்கள். அது தற்காலிகம். நிரந்தரத் தீர்வு கசிவை அடைப்பது, பெட்ரோலால் தோலைக் கழுவி மறுபடி விளக்கெண்ணெய் ஊட்டுவது.

மூன்றாவது கோளாறு தேய்மானம். தோல் மெலிந்து ஆணித்தலை வெளியே வந்தால் வார்ப்பிரும்புக் குழியில் கோடு விழும். புதுத் தோல் போடும்போது ஆணித்தலைகள் தோல் மட்டத்துக்குக் கீழே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் புதைந்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்.

#16 செப்புத்தகடு

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் தாண்டிப் போன ஒரு சொல்லில்தான் வெண்பனியின் கேள்விக்கு விடை இருக்கிறது: லெக்ரோ.

கார்க் கூட்டாளி லூசியன், ஓவியர் அல்போன்ஸ் லெக்ரோவின் மகன். அப்பா 1837-ல் திஜோனில் பிறந்தவர். லண்டனில் குடியேறி 1876 முதல் 1892 வரை ஸ்லேடு கலைப்பள்ளியின் பேராசிரியர். எச்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் கலை) வல்லுநர், வார்ப்புப் பதக்கக் கலையை இங்கிலாந்தில் மீட்டவர். 1881-ல் லண்டன் வந்த பிரெஞ்சுச் சிற்பி ரோடினுக்கு டிரைபாயின்ட் என்ற தகட்டுச் செதுக்கலைக் கற்றுக்கொடுத்ததும் அவரே. நோல்ஸ் சேகரித்ததும் லெக்ரோ, ரோடின் வட்டாரத்துப் படைப்புகளை. கடைசியில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

ஆக, கார் ஒருபக்கம் கலை ஒருபக்கம் என்று இரண்டு தனி வாழ்க்கை அல்ல. இரண்டும் ஒரே வீட்டு வாசல் வழியாக வந்தவை.

#17 பல்சக்கரம்

அடடா. லூசியனைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன்: 1915-ல் பிரிட்டனின் 'தரைக்கப்பல்' குழுவுக்கு, அதாவது டாங்கி பிறந்த இடத்தில், கர்னல் கிராம்ப்டனோடு பொறியியல் ஆலோசகராக இருந்தவர் இவரே. அச்செழுத்து வார்ப்பு எந்திரங்களிலும் நிபுணர்.

#18 வெண்பனி

செப்புத்தகடு ஐயா, அந்த வட்டாரத்துப் படைப்புகளைச் சேகரிப்பது என்றால் நடைமுறையில் என்ன? வாசகருக்குப் புரியும்படி நாலு வரி.

#19 செப்புத்தகடு

நாலு வரியில் முடியாது, மன்னிக்கவும்.

டிரைபாயின்டில் அமிலம் கிடையாது. செப்புத் தகட்டை எஃகு ஊசியால் நேரடியாகக் கீறுகிறீர்கள். ஏர் மண்ணைப் புரட்டுவது போலக் கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிர் எழும்பும். மையைப் பிடிப்பது பள்ளத்தைவிட அந்தப் பிசிர்தான். எனவே கோடு வெல்வெட் போல மங்கிப் பரவித் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை மை துடைக்கும்போதும், அச்சுருளை அழுத்தும்போதும் பிசிர் நசுங்கும். பத்து இருபது பிரதிக்குள் செழுமை போய்விடும். பிறகு வருவது மெலிந்த சாம்பல் கோடு. அதே தகடு, அதே கையெழுத்து, விலையோ தரையும் வானமும். மின்முலாமில் தகட்டுக்கு மெல்லிய இரும்புப் பூச்சு கொடுத்தால் பிரதிகள் கூடும், முதல் பிரதிகளின் மென்மை வராது. எச்சிங்கில் கதை வேறு. மெழுகுப் பூச்சைக் கீறி அமிலத்தில் கடிக்கவிடுவதால் கோடு ஆழம், பிரதி நிறைய எடுக்கலாம்.

பதக்கங்களுக்கு ஒரு எளிய சோதனை: அளவுகோல். அசல் பதக்கத்தை அச்சாக வைத்து மறுவார்ப்பு எடுத்தால் வெண்கலம் ஆறும்போது ஒன்றரை, இரண்டு சதவீதம் சுருங்கும். அசலின் விட்டம் 100 மி.மீ. என்றால் மறுவார்ப்பில் அது 98 மி.மீ. அளவில் இருக்கும், எழுத்து விளிம்பும் மழுங்கியிருக்கும். நல்ல அருங்காட்சியகப் பிரதியின் விட்டம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ரோடின் வெண்கலத்தில் ஏமாறும் இடம் வார்ப்பாலை முத்திரை. 'அலெக்சிஸ் ரூடியே' முத்திரை இருந்தால் ரோடின் உயிரோடிருந்தபோது வார்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆலை அவருக்கு வேலை செய்யத் தொடங்கியது 1902. அவர் இறந்தது 1917. முத்திரையோ 1952 வரை நடந்தது. அவர் இறந்த பிறகான 35 ஆண்டுக் காலத்து வார்ப்புகளும் அதே பெயரோடு உலவுகின்றன. எனவே முத்திரையைவிட யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலிதான் ஆதாரம். லெக்ரோ குடும்பத்தோடு இத்தனை நெருக்கமாக இருந்த ஒருவர் கொடுத்த பொருளுக்கு அருங்காட்சியகத்தில் மதிப்பு கூடுவது அதனால்தான்.

காகிதத்தைக் கெடுப்பவை மூன்று: ஒளி, ஈரம், மலிவான அட்டை. ஒளி 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேல் வேண்டாம். ஈரப்பதம் ஏறினால் பழுப்புப் புள்ளி பூக்கும். அமிலம் உள்ள அட்டையில் வைத்தால் ஜன்னல் வடிவில் காகிதம் வெந்ததுபோல் நிறம் மாறும், அது திரும்பாது. ஒட்டுவதற்கு ஜப்பான் காகிதத் துண்டும் கோதுமை மாவுப் பசையும் மட்டும். பசைநாடாவைத் தொட்டால் பாவம்.

#20 கூர்முனை

பசைநாடா வரி அருமை.

எக்கென்ஸ்டைனும் சேகரிப்பாளர்தான் என்பது ஞாபகம் இருக்கிறதா? பயணியும் மொழிபெயர்ப்பாளருமான ரிச்சர்டு பர்டன் தொடர்பான நூல்களும் ஆவணங்களும். பின்னாளில் அவை ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்குப் போயின. எக்கென்ஸ்டைன் இறந்தது 1921. 1905 கஞ்சன்ஜங்கா பயணத்துக்கு ஜாக்கோ-கில்லார்மோ குரோலியோடு போனார். எக்கென்ஸ்டைனும் நோல்ஸும் போகவில்லை. அதில் பனிச்சரிவில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள்.

#21 வெண்பனி

இப்படி அமைக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். முதல் பத்தி லெக்ரோ வீடு. இரண்டாவது எக்கென்ஸ்டைனும் 1902-ம், மாவுக் கணக்கு அடிக்குறிப்பாக. மூன்றாவது ஐரிஸ். நான்காவது ஃபிட்ஸ்வில்லியம். துப்பாக்கி இரண்டாம் பத்தியின் கடைசி இரண்டு வரி, 'நோல்ஸின் கூற்றுப்படி'யோடு.

#22 மலைச்சுவடு

சரி. ஒரே திருத்தம்: 'உச்சியை அடையத் தவறினார்' என்று எழுதாதீர்கள். அந்தக் குழுவில் 6,500 மீட்டர் போனவர் அவர் அல்ல. 'கே2-வை ஏற முயன்ற முதல் பெரிய குழுவில் இடம்பெற்றார்' என்று போடுங்கள்.

#23 செப்புத்தகடு

பெயரையும் ஒருமுறையாவது முழுதாகப் போடுங்கள். கரம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, அருங்காட்சியகப் பதிவில் தேடுபவருக்கு 'கை ஜான் ஃபென்டன்' வேண்டும்.